துணைவருக்குப் புற்றுநோய்: உடனிருப்பவர் அறிந்திருக்க வேண்டியவை

புற்றுநோய்க்கான சிகிச்சை மருத்துவமனையில்தான் நடைபெறுகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று வாரங்களுக்கு ஒரு முறை கீமோ மருந்து ஏற்றிக்கொள்ளும் ஒருவர், அந்த 21 நாட்களில் மருத்துவமனையில் கழிப்பது ஒன்றோ இரண்டோ நாட்களே. எஞ்சிய நாட்கள் முழுவதும் வீட்டில், பெரும்பாலும் கணவர் அல்லது மனைவியின் கண்காணிப்பில் கழிகின்றன. மருந்தின் பக்கவிளைவுகள் வெளிப்படுவதும், உயிருக்கு ஆபத்தான நிலை உருவாகக்கூடியதும் அந்த நாட்களில்தான். எனவே, நோயாளிக்கு உடனிருப்பவரும் சிகிச்சைக் குழுவில் ஒருவரே. ஆனால், மற்றவர்களுக்குப் பயிற்சி அளித்த பிறகே பணியில் அமர்த்துகிறோம். உங்களுக்கு மட்டும் ஒரு பயிற்சியும் அளிக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அந்தக் குறையை ஓரளவேனும் ஈடுசெய்வது இப்பக்கத்தின் நோக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு மருத்துவ அலுவலராகப் பணியாற்றுவதால், என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளை வைத்தே இதை எழுதுகிறேன். மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், கணவர் உடனிருக்கிறார் என்னும் நிலையை எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளேன். கணவர் நோயாளியாக இருந்தாலும், நோய் வேறு உறுப்பில் இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எங்கே சிகிச்சை பெறுவது

நம் மாவட்டத்தவருக்கு இக்கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உள்ளன. நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. ஒரு காலத்தில் காசநோய் மருத்துவமனையாக இருந்த வளாகம் அது. அந்தப் பெயரைக் கேட்டாலே அஞ்சும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1838இல் லண்டன் மிஷன் சங்கத்தார் தொடங்கிய மருத்துவப் பணியின் வழிவந்த நெய்யூர் மருத்துவமனையில் சர்வதேசப் புற்றுநோய் மையம் இயங்குகிறது. திருவனந்தபுரத்தில் 1981இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம், நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்ததால், வைத்தியத்திற்குத் திருவனந்தபுரம் செல்லும் வழக்கம் மாநில எல்லையைவிடப் பழமையானது.

எந்த மருத்துவமனை என்பதைவிட, முழுச் சிகிச்சையும் எவ்வாறு நிறைவேறப்போகிறது என்பதே முக்கியம். அறுவை, கீமோ, கதிர்வீச்சு ஆகிய மூன்றும் தேவைப்படலாம். இவற்றில் எது எங்கே, எத்தனை நாட்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மார்பகத்திற்கான கதிர்வீச்சு பொதுவாக வாரத்திற்கு ஐந்து நாட்கள் வீதம் மூன்று முதல் ஐந்து வாரங்கள் வரை நீளும். ஒரு நாள் சிகிச்சை சில நிமிடங்களே; அதற்காக நாள்தோறும் இரயிலில் போய்வருவதா, அருகில் தங்குவதா என்பதைக் குடும்பம் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். இடையில் களைத்துப்போய்ச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவோர் பலருக்கு நோய் காரணமாக அமைவதில்லை. பயணமும் கூலி இழப்புமே காரணம்.

மறைப்பதா, சொல்வதா

“அவளிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர், தாங்கமாட்டாள்” என்று கணவர் தனியே வந்து கேட்டுக்கொள்வது வழக்கம். அரை மணி நேரம் கழித்து மனைவி வந்து, “எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், உடைந்துபோவார்” என்று சொல்வதும் உண்டு. இருவரும் ஒரே வீட்டில் தனித்தனியே அழுதுகொண்டிருப்பார்கள்.

கீமோ ஏற்றும் பிரிவில் ஒரு நாள் அமர்ந்தாலே, அங்கு எதற்காக வருகிறார்கள் என்பது எவருக்கும் விளங்கிவிடும். மறைப்பதால் அவருக்கு அச்சம் குறைவதில்லை. பேசுவதற்கு ஆள் இல்லாமல் போவதுதான் மிச்சம். மேலும், தமக்கு அளிக்கப்படும் சிகிச்சை இன்னதென்று அறிந்து ஒப்புதல் தருவது அவரது உரிமை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் எவ்வளவு அறிய விரும்புகிறாரோ அவ்வளவு. ஆனால் சொல்வது உண்மையாக இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். “அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி, அதற்கான மருந்தால் முடி கொட்டும், பிறகு வளரும், இது உன்னால் வந்ததல்ல, தொட்டால் ஒட்டாது” என்ற அளவில் எட்டு வயதுக் குழந்தைக்குப் போதும்.

கணவர் வளைகுடா நாட்டில் இருக்கும் குடும்பங்களும், தூத்தூர்ப் பகுதியைப்போல் ஆழ்கடலுக்குச் சென்றால் வாரக்கணக்கில் திரும்பாத மீனவர் குடும்பங்களும் நம் மாவட்டத்தில் மிகுதி. அத்தகைய வீடுகளில் “உடனிருப்பவர்” என்பது மாமியாராகவோ மூத்த மகளாகவோ அக்காளாகவோ இருக்கும். மருத்துவரிடம் பேசும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள். வெளியூரில் இருப்பவருக்குச் செய்தி அனுப்புபவரும் அவராகவே இருக்கட்டும்.

காய்ச்சல்: ஒரு மணி நேரத்தையும் வீணாக்கக் கூடாத நிலை

இப்பக்கத்தில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க உங்களுக்கு நேரம் இருக்குமாயின், இதைப் படியுங்கள்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அழிக்கிறது. புற்றுநோய்ச் செல்கள் மட்டுமன்றி, எலும்பு மஜ்ஜையில் உருவாகும் வெள்ளையணுக்களும் அவ்வகையைச் சேர்ந்தவையே. எனவே மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளையணுக்களின் எண்ணிக்கை பெரிதும் குறையக்கூடும். கிருமிகளை எதிர்க்கும் படை அந்நாட்களில் உடலில் ஏறக்குறைய இல்லை எனலாம். மற்றவர்களுக்கு இரண்டு நாட்களில் தீர்ந்துவிடும் தொற்று, இவருக்குச் சில மணி நேரத்தில் இரத்தத்தில் கலந்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிரையே பறிக்கலாம். படை இல்லாததால் சீழ், வீக்கம், சளி போன்ற வழக்கமான அடையாளங்களும் தோன்றுவதில்லை. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம்.

வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது. 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காட்டினால், நள்ளிரவாயினும் உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். காய்ச்சல் இல்லாமலேயே உடல் நடுங்கிக் குளிர்ந்தாலும், மூச்சு வாங்கினாலும், பேச்சு குழறினாலும் அவ்வாறே.

பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அது வெப்பத்தை இறக்கும், கிருமியைத் தொடாது. எச்சரிக்கை மறைந்துவிடும், ஆபத்து அப்படியே இருக்கும். நம் மாவட்டம் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறுவது. ஜூன் மாதத்திலும் ஐப்பசியிலும் வீட்டுக்கு வீடு காய்ச்சல் இருக்கும். “மழையில் நனைந்த காய்ச்சல்தானே என்று எண்ணினேன்” என்று, மூன்றாம் நாள் மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் கவனக்குறைவானவர் அல்லர். அந்த மூன்று நாட்களும் அவர் உறங்கவில்லை. கஞ்சி கொடுத்தார், ஈரத்துணி போட்டார், மாத்திரை கொடுத்தார். செய்ய வேண்டியது வேறு என்பதை எவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாட்கள் இருந்து மீண்டார். எல்லோருக்கும் அவ்வாறு அமைவதில்லை.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நுழைந்தவுடன் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: “புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர், மருந்து ஏற்றி இத்தனையாவது நாள், காய்ச்சல் இவ்வளவு.” வெறுமனே “காய்ச்சல்” என்றால் வரிசையில் காத்திருக்க நேரலாம். இவ்வாறு சொன்னால், இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, ஒரு மணி நேரத்திற்குள் நரம்பு வழியே நோயெதிர் மருந்து தொடங்குவதே முறை. நீங்கள் சிகிச்சை பெறும் மருத்துவமனை தொலைவில் இருப்பின் அங்கேயே செல்ல வேண்டும் என்று காத்திராதீர்கள். கோதையாறு, பேச்சிப்பாறை போன்ற மலையோரப் பகுதியினர் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் முதல் ஊசியைப் பெற்றுக்கொண்டு மேலே செல்லலாம். 108 ஆம்புலன்ஸ் தவிர, இரவில் அழைத்தால் வரக்கூடிய ஓர் ஆட்டோக்காரரின் எண்ணையும் முன்கூட்டியே கேட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

வீட்டில் கழியும் நாட்கள்

உணவைப் பற்றி ஊரெல்லாம் அறிவுரை கிடைக்கும். மீன் சாப்பிட்டால் புண் ஆறாது, இனிப்பு புற்றுநோயை வளர்க்கும், மரச்சீனி ஆகாது என ஒவ்வொருவரும் ஒன்றைத் தடை செய்வர்; இறுதியில் நோயாளிக்கு எஞ்சுவது வெறும் கஞ்சித் தண்ணீர். புண் ஆறுவதற்குப் புரதம் தேவை. சாளையும் நெத்திலியும் மலிவான, சிறந்த புரதம். நன்கு வேகவைத்த குழம்பாகக் கொடுங்கள். பயறு, முட்டை, சம்பா அரிசிக் கஞ்சி, ஏத்தன்பழம் யாவும் நல்லவை. தவிர்க்க வேண்டியவை வேறு: வேகவைக்காத காய்கறி, முந்தின நாள் மிச்சம், கடையில் திறந்து வைத்த பழத்துண்டு, கொதிக்காத தண்ணீர். ஒரு வேளைக்கு நிறைய உண்ண முடியாது; சிறிது சிறிதாக ஆறு வேளை கொடுக்கலாம்.

வாய்ப்புண் வந்தால் காரம், புளிப்பு இரண்டையும் நிறுத்துங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடாவும் கலந்து, நாளுக்கு நான்கைந்து முறை கொப்பளிக்கச் செய்யுங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் மருந்துகளுள் ஒன்றான டாக்சோரூபிசின் சிவப்பு நிறமானது. அது ஏற்றிய ஓரிரு நாட்களுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது இரத்தமன்று. இதை முன்னரே சொல்லாததால் நடுங்கிப்போய் ஓடிவரும் குடும்பங்கள் பல.

கீமோ ஏற்றிய முதல் 48 மணி நேரம் நோயாளியின் சிறுநீர், வாந்தி முதலியவற்றில் மருந்தின் எச்சம் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யும்போது கையுறை அணியுங்கள்; துணிகளைத் தனியே துவையுங்கள்; கழிப்பறையில் இருமுறை தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கு மேல் அச்சம் தேவையில்லை. தனித்தட்டு, தனிப்பாய், தனியறை எதுவும் வேண்டாம். வெளியிலிருந்து கருவி மூலம் கதிர்வீச்சு பெறுபவரின் உடலில் கதிர் தங்குவதில்லை. அவர் குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

பார்க்க வருபவர்கள் பற்றி ஒரு சொல். அன்பினால்தான் வருகிறார்கள். ஆனால் இருமலோடு வருகிறார்கள், இதே நோயால் இறந்த ஒருவரின் கதையோடும் வருகிறார்கள். ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை எவரும் வர வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். பழியை எங்கள் மேல் போடுவதில் எங்களுக்கு வருத்தம் இல்லை.

பச்சிலையும் முள்ளுச்சீத்தாவும்

முள்ளுச்சீத்தாப் பழமும் அதன் இலைக் கஷாயமும் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கை நம் பகுதியில் பரவலாக உள்ளது. ஆய்வகத்தில் செல்களின் மீது சில விளைவுகள் காணப்பட்டுள்ளன. மனிதர்களிடம் நோயைக் குணமாக்கியதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. கீமோ மருந்துகளைக் கையாள வேண்டிய கல்லீரலும் சிறுநீரகமும் அதே வேளையில் செறிவான கஷாயத்தையும் கையாள நேர்ந்தால் இரண்டும் பாதிக்கப்படலாம். வைத்திய ஆசான்கள் வாழ்ந்த மண் இது; நம்பிக்கையை நான் குறை கூறவில்லை. திட்டுவார்கள் என்று அஞ்சி எங்களிடம் மறைத்து உண்பதுதான் ஆபத்து. எது கொடுத்தாலும் சொல்லிவிடுங்கள். கட்டி சிறிதாக இருக்கையில் அறுவையைத் தள்ளிப்போட்டு ஆறு மாதம் கஷாயம் குடித்துவிட்டு வருபவர்களுக்கு எங்களால் செய்யக்கூடியது மிகவும் குறைந்துவிடுகிறது.

செலவு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் இதில் அடங்கும். அட்டை இல்லையெனில், வருமானச் சான்றுடனும் குடும்ப அட்டையுடனும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுகலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. தேர்ந்தெடுத்த மருத்துவமனை இத்திட்டத்தில் உள்ளதா, குறிப்பாக மாநில எல்லையைத் தாண்டிச் செல்வதாயின், உங்கள் அட்டை அங்கு ஏற்கப்படுமா என்பதை நகையை அடகு வைக்கும் முன்னர் கேட்டறியுங்கள்.

சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரயிலில் கட்டணச் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75 விழுக்காடு. படுக்கை வசதிப் பெட்டியில் நோயாளிக்கு முழுச் சலுகை, உடன் செல்பவருக்கு 75 விழுக்காடு. சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையில் இதற்கான சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள்.

உங்கள் உடல்

மலையாளத் திரைப்பட நடிகர் இன்னசென்டை நம் மாவட்டத்தில் அறியாதவர் குறைவு. அவர் நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே, அவருடைய மனைவி ஆலீசுக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பது பரிசோதனையில் தெரியவந்தது. கணவனும் மனைவியும் ஒரே காலத்தில் நோயாளிகள் ஆயினர். தம் நோய் அனுபவத்தை அவர் ‘கேன்சர் வார்டிலே சிரி’ என்ற நூலாக எழுதினார். 2014இல் சாலக்குடியிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2023 மார்ச்சில் மறைந்தார்.

அவர்களுக்கு நேர்ந்தது அரிது. ஆனால் உடனிருப்பவரின் உடல் கவனிக்கப்படாமல் போவது அரிதன்று. திருவனந்தபுரம் மருத்துவமனைகளில் உங்களை ‘பைஸ்டாண்டர்’ என்பார்கள். அருகில் நிற்பவர் என்று பொருள். நிற்பவருக்குப் படுக்கையும் இல்லை, வேளைக்கு உணவும் இல்லை. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை மாதக்கணக்கில் விட்டுவிட்டு, மனைவியின் கடைசிக் கீமோ நாளில் நெஞ்சுவலியோடு விழுந்த கணவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மாத்திரைகளை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் வீட்டிற்கே கொண்டுவந்து தருவார்கள். துணை சுகாதார நிலையத்தில் சொல்லி வையுங்கள். வாரத்தில் ஓர் இரவாவது வேறு ஒருவர் விழித்திருக்க, நீங்கள் உறங்க வேண்டும். அண்ணனோ கொழுந்தியாளோ “ஏதாவது உதவி வேண்டுமா” என்று கேட்டால், “வேண்டாம்” என்று சொல்லாமல், “வியாழக்கிழமை இரவு வந்து இருங்கள்” என்று நாளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

உறக்கத்திற்காக மது அருந்தத் தொடங்குவோர் உண்டு. தொடங்கியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மனச்சோர்வு, உறக்கமின்மை, இனி வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஆகியவற்றுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். நோயாளிக்கு மட்டுமான எண் அன்று அது.

சிகிச்சை முடிந்த பின்

கடைசி ஊசி முடிந்த நாளில் குடும்பம் பாயசம் வைக்கிறது. வைக்க வேண்டியதுதான். அடுத்த வாரமே, “இனி எல்லாம் பழையபடி” என்ற எதிர்பார்ப்பும் வந்துவிடுகிறது. அங்குதான் சிக்கல்.

களைப்பு பல மாதங்கள் நீடிக்கும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும். அது சோம்பல் அன்று. படுத்தே இருப்பதும் அதைத் தீர்க்காது. நாள்தோறும் சிறிது தூரம் நடப்பது தீர்க்கும். கடற்கரையோ தோட்டமோ, மாலையில் உடன் நடந்து வாருங்கள்.

அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றியிருந்தால், அந்தக் கையில் நீர் கோத்து வீங்கும் வாய்ப்பு ஆயுள் முழுவதும் உண்டு. அந்தக் கையில் ஊசி போடுவதையும் இரத்த அழுத்தம் பார்ப்பதையும் தவிர்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை முதலியவற்றைத் திடீரெனத் தூக்க வேண்டாம். சொல்லித்தந்த கைப்பயிற்சியை விட வேண்டாம். சிறு காயத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி மருந்திட வேண்டும். அண்டி ஆபீசில் வேலை செய்யும் பெண்களுக்கு இது மிக முக்கியம். அண்டிப் பருப்பின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும். அந்தப் புண் வழியே கிருமி நுழைந்தால் கை ஒரே நாளில் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வரும். தோடு உடைக்கும் பணியிலிருந்து வேறு பணிக்கு மாற்றித் தருமாறு கேட்க மருத்துவச் சான்று தரலாம். ரப்பர் பால்வெட்டுவோரும் கத்திக்காயத்தில் அதே கவனம் கொள்ள வேண்டும்.

பலருக்குத் தமோக்சிபென் போன்ற மாத்திரையை ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை நாள்தோறும் உட்கொள்ளச் சொல்வோம். உடல் நன்றாயிருக்கிறது என்று இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அந்த மாத்திரை நோய் திரும்பி வராதிருப்பதற்கானது. உடல் நன்றாயிருக்கும்போதுதான் அது வேலை செய்கிறது. திடீரென உடல் கொதித்து வியர்ப்பது அதன் பக்கவிளைவு. அதை மனைவியின் கோபம் என்றோ மனக்கோளாறு என்றோ கருதிவிடாதீர்கள். மாதவிடாய் நின்ற பின் உதிரம் கண்டாலும், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும்.

கேட்கத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கணவன் மனைவி உறவால் புற்றுநோய் பரவாது. கீமோ நடைபெறும் காலத்தில் ஆணுறை அணிவதும் கருத்தரிப்பைத் தவிர்ப்பதும் கட்டாயம். வெள்ளையணு மிகவும் குறைந்த நாட்களில் ஒதுங்கியிருப்பது நல்லது. மற்றபடி தடையில்லை. மார்பகத்தை இழந்த மனைவி, கணவர் விலகிப்படுப்பதை அருவருப்பு என்று எண்ணிக்கொள்கிறார். கணவரோ வலிக்குமே என்றுதான் விலகிப்படுக்கிறார். இருவரும் தனித்தனியே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரிடம் ஒருவர் சொல்லவில்லை.

முதல் சில ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வர வேண்டும். மறு மார்பகத்திற்கு ஆண்டுக்கு ஒரு முறை மாமோகிராம். பரிசோதனை நாள் நெருங்கும்போது வீட்டில் எரிச்சலும் உறக்கமின்மையும் மிகுவது இயல்பு. புதிதாக ஒரு கட்டி, விட்டு நீங்காத முதுகுவலி, காரணமின்றி எடை குறைதல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் குறித்த நாள் வரை காத்திராமல் முன்னதாகவே வாருங்கள். வரும்போது பயாப்சி அறிக்கை, அறுவைக் குறிப்பு, கீமோ மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள் மூன்றையும் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் எடுத்து, மழைநீர் புகாத உறையிலிட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில் வையுங்கள்.